விசாரிக்க வந்தவருக்குக் கேசரி

என் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம். யார் வீட்டுக்கு வந்தாலும் எழுந்து நின்றுதான் "வாங்க" என்பார். கேஸ் சிலிண்டர் தூக்கிக்கொண்டு வருகிற ஆளுக்கும் அதே மரியாதைதான். வந்திருப்பது என்ன பிரதமரா, உட்காருங்களேன் என்று எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன். காதில் போட்டுக்கொள்ள மாட்டார். துறைமுகத்தில் கண்டெய்னர்களைக் கட்டி அவிழ்க்கிற வேலையில் இருபத்தைந்து வருஷம் இருந்த மனுஷர். அப்போதெல்லாம் எழுந்து நிற்பது அவருக்கு ஒரு வேலையே இல்லை. பிறகு பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் செயலிழந்துபோயின. பேச்சு கொஞ்சம் குழறலோடு திரும்பி வந்தது. யாராவது வந்தால் எழுந்து நிற்கப் பார்க்கும் பழக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

நாங்கள் சிங்கப்பூரில், பிடோக்கில் ஈரறை வாடகை வீட்டில் இருக்கிறோம். பிள்ளைகள் இல்லை. தேக்காவில் ஒரு மளிகைக் கடையில் எனக்குக் கல்லாவில் வேலை. காலையில் அவரைக் குளிப்பாட்டி, டயப்பர் போட்டு, சாப்பாடு ஊட்டி, ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு எட்டு மணிக்குக் கிளம்புவேன். மத்தியானத்துக்கு இடது கையால் எடுத்துத் தின்கிற மாதிரி ரொட்டியும் ஒரு பாட்டில் தண்ணீரும் வைத்துவிட்டுப் போவேன். திரும்பி வர ஐந்தாகும். அவருக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து நாலு வருஷமாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. நன்றாக ஓடுகிறது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் இரண்டு தடவை அவருக்குச் சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இரண்டாவது தடவை பத்து நாள். பகலில் கூட யார் இருக்கிறார்கள் என்று டாக்டர் கேட்டார். யாரும் இல்லை என்றேன். மறுநாள் ஆஸ்பத்திரியின் சமூக ஊழியர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, ரொம்பப் பக்குவமாக, முதியோர் ஹோம் பற்றி யோசித்துப் பாருங்கள் என்றார். அந்தப் பொண்ணைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் கட்டிலில் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். டாக்ஸியில் வீட்டுக்குத் திரும்பும்போதுதான் வாயைத் திறந்தார்.

"நான் வீட்டுலயே இருந்துக்கிறேன். உனக்குத் தொந்தரவு குடுக்க மாட்டேன்."

கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து என்னிடம் எதையும் கேட்டுப் பழகாத ஆள் அவர்.

ஒரு வழி இருந்தது. மத்தியானம் ஒருவர் வீட்டுக்கு வந்து, நான் திரும்பும் வரை அவரைப் பார்த்துக்கொள்ளும் உதவித் திட்டம். எங்களைப் போன்ற வீடுகளுக்குக் கட்டணம் ரொம்பக் குறைவு. ஆனால் முதலில் ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து, இவரால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று பார்த்து எழுதிக்கொண்டு போவார். முடியாதது போதுமான அளவுக்கு இருந்தால்தான் உதவி. கிடைத்தால் அவர் வீட்டில் இருக்கலாம். கிடைக்காவிட்டால் நான் வேலையை விட வேண்டும், இல்லையென்றால் அவர் ஹோமுக்குப் போக வேண்டும். என் சம்பளம் இல்லாவிட்டால் வீட்டில் உலை கொதிக்காது. அதனால் கிடைக்காவிட்டால் ஹோம்தான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

இது அத்தனையும் தெரிந்துகொண்டு நான் செய்த காரியத்தைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வீர்கள்.

அதிகாரி வருகிற அன்றைக்குக் கடையில் லீவு சொல்லிவிட்டு, விடிகிறதற்கு முன்னாலேயே எழுந்து வீட்டைத் துடைத்தேன். அவருக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, சவரம் செய்து, தீபாவளிக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டு, நெற்றி நிறைய விபூதி பூசினேன். கூடத்தில் எப்போதும் கிடக்கிற கமோட் நாற்காலியைப் படுக்கையறைக்குள் தள்ளி, மேலே ஒரு பழைய சேலையைப் போர்த்தினேன். டயப்பர் கட்டுகளைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்தேன். வருகிறவர் முன்னால் சாப்பாடு ஊட்டக் கூடாது என்று பத்து மணிக்கே ஊட்டி வாயைத் துடைத்துவிட்டேன். அப்புறம் முந்திரி போட்டு, நெய் விட்டு, கேசரி கிண்டினேன். வீட்டுக்கு ஒருத்தர் வந்தால் வெறும் வாயோடு அனுப்புவதா?

வந்தவர் சீனர், முப்பது வயது இருக்கும். நல்ல மரியாதை. காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். மடியில் ஒரு கணினிப் பலகையை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். தானே குளிப்பாரா? உடுத்துவாரா? சாப்பிடுவாரா? "கேன் லா, ஸ்லோவா, பட் கேன்," மெதுவாகத்தான், ஆனால் முடியும் என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பிறகு, கழிவறைக்குத் தானே போவாரா என்று கேட்டார். என் வீட்டுக்காரரை எதிரில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம். ஒரு அந்நியர் முன்னால், இல்லை, நான்தான் கழுவிவிடுகிறேன் என்று எப்படிச் சொல்வேன்? "கேன்," என்றேன்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. கேசரியை இரண்டு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டு அந்த இளைஞர் கிளம்ப எழுந்தார். உடனே என் வீட்டுக்காரர் இடது கையால் மேசையைப் பிடித்தார். முழங்கால் வெடவெடவென்று ஆடியது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து, மேசையிலிருந்து கையையும் எடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். "தேங்க்யூ, கம் அகெய்ன்," என்றார். மாதக் கணக்கில் அவர் அப்படி நின்று நான் பார்க்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெருமை தாங்காமல் அந்த இளைஞரை லிஃப்ட் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அவர் நாற்காலியில் சரிந்து கிடந்தார். அடுத்த இரண்டு நாள் கட்டிலை விட்டு அசைய முடியவில்லை.

கடிதம் வந்தது. விண்ணப்பதாரர் அன்றாடக் காரியங்களைப் பெரும்பாலும் தானே செய்துகொள்கிறார், பிடிமானமின்றி நிற்கிறார், ஆகவே இத்திட்டத்துக்குத் தகுதி பெறவில்லை, மறுபரிசீலனை வேண்டுமானால் விண்ணப்பிக்கலாம். எல்லாம் பணிவான வார்த்தைகள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் கடைக்கு வாரம் தவறாமல் வரும் வாடிக்கையாளர் ஒருவர் உண்டு. ஐம்பது வயதுக்காரர், பிறவியிலேயே பார்வை இல்லை. ஓர் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் வேலை. உடற்குறை உள்ளவர்கள் சேர்ந்து வைத்திருக்கும் ஒரு சின்னக் குழுவில் இருக்கிறார். பேருந்து, வேலை, உதவித்தொகை என்று எங்கே என்ன இடிக்கிறதோ, அதை எழுதிக்கொண்டுபோய்ச் சம்பந்தப்பட்டவர்களிடம் பேசுவார்கள். கடிதம் வந்த மறுநாள் அவர் பருப்பு வாங்க வந்தார். என்னக்கா, குரல் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டாரோ இல்லையோ, நான் கொட்டித் தீர்த்துவிட்டேன். வலது பக்கம் பூராவும் விழுந்து கிடக்கிற மனுஷனைப் பார்த்து நன்றாக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறானே, அவனுக்குக் கண்ணு குருடா என்று கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான் யாரிடம் என்ன சொன்னேன் என்று உறைத்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவர் சிரித்தார். "குருடனா இருந்தா நல்லா விசாரிச்சிருப்பான்க்கா. கண்ணு தெரிஞ்சதாலதான் வெள்ளைச் சட்டையைப் பார்த்து ஏமாந்துட்டான்."

பிறகு, அன்றைக்கு நான் என்னென்ன செய்தேன் என்று நிதானமாகக் கேட்டார். கேசரியில் வந்து நிறுத்தினார். பொண்ணு பார்க்க வருகிறவர்களுக்குச் செய்கிறதையெல்லாம் செய்துவிட்டு, பொண்ணு பிடிக்கவில்லை என்று எழுதச் சொன்னால் எப்படி எழுதுவான் என்று கேட்டார். பக்கத்தில் சாமான் கட்டிக்கொண்டிருந்த முதலாளி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் பொய்யில்லையே. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுபரிசீலனை ஃபாரத்தை அந்த வாடிக்கையாளர்தான் வரிவரியாகச் சொல்ல, கல்லாவில் உட்கார்ந்து நான் எழுதினேன். காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் நான் என் வீட்டுக்காரருக்குச் செய்வதையெல்லாம் இரண்டு வாரம் குறித்து வைக்கச் சொன்னார். அங்கேதான் எனக்கு முட்டிக்கொண்டது. கட்டின புருஷனுடைய உடம்பைப் பற்றி நோட்டில் எழுதி ஊருக்குக் காட்டச் சொல்கிறீர்களா, உதவி வாங்குவதற்காக அவரைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் சொல்ல வேண்டுமா என்று சண்டைக்குப் போனேன்.

"பொய் சொல்லச் சொல்லலக்கா," என்றார். "போன தடவை சொன்ன பொய்யை மட்டும் சொல்லாதீங்க."

நோட்டு வாங்கிக்கொண்டு போனேன். எழுத எழுத எனக்கே மலைப்பாக இருந்தது. நான் ஒரு நாளில் இத்தனை செய்கிறேனா என்று தோன்றியது. அவர் ஒரு நாளில் இத்தனையைச் சகித்துக்கொள்கிறாரா என்று அப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது விசாரணைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது. முதல் நாள் சாயங்காலம் அவர் எதிரில் உட்கார்ந்து, நாளைக்கு யார் வந்தாலும் எழுந்திருக்கக் கூடாது, கையெடுத்துக் கும்பிடுகிறேன் என்று சொன்னேன். அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு ஒன்றும் செய்யாமல் இருந்தேன் பாருங்கள், அதுதான் நான் வாழ்க்கையில் செய்த கஷ்டமான வேலை. மூன்று நாள் தாடி. காலைக் கஞ்சி சிந்திய பனியன். கமோட் நாற்காலி கூடத்தின் நடுவில். டயப்பர் கட்டு அலமாரி மேல். விளக்குமாற்றை எடுக்கப் போன கையை நானே இழுத்துக்கொண்டேன். ரவை டப்பா பக்கமே போகவில்லை.

இந்தத் தடவை வந்தவர் ஒரு மலாய்க்கார மிஸ்ஸி. நர்ஸ்களை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். ஐம்பதைத் தாண்டியவர், தலையில் முக்காடு, தோளில் ஒரு துணிப்பை. அவர் வாசலில் கால் வைத்ததுமே என் வீட்டுக்காரரின் இடது கை மேசைக்குப் போனதைப் பார்த்துவிட்டேன். தோளைப் பிடித்து அழுத்தியாவது உட்கார வைத்துவிடலாம் என்று பாய்ந்தேன். அதற்குள் அந்த அம்மா நேராக வந்து அவர் காலடியில் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். நானே உட்கார்ந்துவிட்டேன் பாச்சிக், நீங்கள் எதற்கு நிற்க வேண்டும் என்று மலாயில் கேட்டார். பாச்சிக் என்றால் மாமா மாதிரி. அவர் கை மேசையிலிருந்து மெதுவாக இறங்கி மடிக்கு வந்தது. எனக்கு மூச்சு வந்தது.

அப்புறம் அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, கொஞ்ச நேரம் வெளியே இருக்க முடியுமா, பாச்சிக்கோடு தனியாகப் பேச வேண்டும் என்றார். வந்ததே எனக்குக் கோபம். குளிப்பாட்டுகிறவள் நான், ஊட்டுகிறவள் நான், நோட்டில் எழுதி வைத்திருக்கிறவள் நான். என் வீட்டிலிருந்து என்னையே வெளியே போகச் சொல்கிறாளே என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் போனேன். நடைபாதையில் எங்கள் ஜன்னலுக்குக் கீழே பெரிய தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி வைத்திருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஒட்டுக்கேட்பது தப்புதான். ஜன்னல் திறந்திருந்தது, நான் என்ன செய்ய? மலாய் எனக்கு நன்றாகவே புரியும்.

துறைமுகத்தில் அவர் பேசிப் பழகிய மொழி மலாய்தான். என்னிடம் பேசும்போது வராத வேகம் அவருக்கு அதில் வந்தது. அந்த அம்மா எடுத்ததுமே முடியுமா முடியாதா என்று கேட்கவில்லை. மனைவி வேலைக்குப் போன பிறகு நேரம் எப்படிப் போகிறது என்று கேட்டார். டிவி பார்ப்பேன், தூங்குவேன் என்றார் இவர். ரொட்டி சாப்பிடுவேன் என்றார். தண்ணீர் எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டார்.

நான் ஜன்னல் பக்கம் இன்னும் கொஞ்சம் ஒட்டி நின்றேன்.

பிறகு, குடிப்பதில்லை என்றார். மாத்திரைக்கு ஒரு வாய், அவ்வளவுதான். குடித்தால் ஒண்ணுக்கு வரும். எழுந்து போக முடியாது. டயப்பரிலேயே போய்விட்டால் சாயங்காலம் வரைக்கும் ஈரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் என்றார். "அவ நாளெல்லாம் நின்னு வேலை பார்த்துட்டுக் களைச்சு வர்றா. வந்ததும் முதல் வேலையா என்னைக் கழுவ விடணுமா?"

அவளுக்குத் தெரியுமா என்று அந்த அம்மா கேட்டார். தெரியாது, தெரிந்தால் வேலையை விட்டுவிடுவாள் என்றார். வைத்துவிட்டுப் போகிற பாட்டில் தண்ணீரை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். இடது கை எட்டும், ஜன்னல் வழியாகச் செடிக்கு ஊற்றிவிடுவேன் என்றார் என் வீட்டுக்காரர்.

அந்தச் செடி என் முழங்கையை உரசிக்கொண்டு நின்றது. எங்கள் அடுக்குமாடி புளோக்கிலேயே அவ்வளவு செழிப்பான கறிவேப்பிலை கிடையாது. என் கை ராசி என்று சொல்லிச் சொல்லி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொத்துக் கொத்தாகக் கொடுத்திருக்கிறேன். இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் டாக்டர் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். தினமும் காலிப் பாட்டிலைப் பார்த்துவிட்டு, அவர்தான் நிறையக் குடிக்கிறாரே டாக்டர் என்று நானே சத்தியம் செய்திருக்கிறேன். நடைபாதைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். எதிரில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சீனப் பாட்டி பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி உள்ளே போய்விட்டார்.

அந்த அம்மா கிளம்பும்போது என் நோட்டையும் வாங்கிப் பார்த்தார். நன்றி சொன்னார். நான் உள்ளே போய் என் வீட்டுக்காரரைத் திட்டவில்லை. திட்ட வேண்டும் என்றுதான் போனேன். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வாயில் வைத்தேன். நான் கேட்டுவிட்டேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. மடமடவென்று முழுசையும் குடித்தார். இன்னொன்று வேண்டுமா என்று கேட்டேன். வேண்டும் என்று தலையாட்டினார்.

மூன்று வாரத்தில் உதவி கிடைத்துவிட்டது. பன்னிரண்டு மணிக்கு மியன்மார்க்காரப் பெண் ஒருத்தி வருகிறாள். கெட்டிக்காரி, அவரோடு மலாயில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள். அதற்கப்புறம் காய்ச்சல் வரவில்லை. ஹோம் பேச்சும் எழவில்லை.

அதோடு என் காரியம் முடிந்தது என்று நான் சும்மா இருந்திருப்பேன். பார்வையில்லாத அந்தத் தம்பி விடவில்லை. இந்த விசாரணை முறையை மாற்றுவது பற்றி அரசாங்கத்தில் கருத்துக் கேட்கிறார்கள், எங்கள் குழு போகிறது, நீங்களும் வந்து பேசுங்கள் என்றார். உடம்புக்கு முடியாதவரிடம் தனியாகக் கேட்க வேண்டும், வீட்டார் கூட இருக்கக் கூடாது என்பது அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. ஊரின் நடுவில் ஒரு கட்டடத்தில், ஏசி குளிரில் நீள மேசை. மூன்று நிமிஷம் தந்திருந்தார்கள். நான் எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

என் முறை வருவதற்கு முன்பே, எதிரே இருந்த அதிகாரி அம்மா தன் சந்தேகத்தைச் சொன்னார். மோசமான ஆள் இல்லை, உண்மையான கவலையோடுதான் கேட்டார். நம் குடும்பங்களில் மனைவியை, தாயை, எழுந்து வெளியே போ என்று சொன்னால் மனசு புண்படாதா? இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டவர்களை நம்பாத மாதிரி ஆகிவிடாதா? கேட்டுவிட்டு, வீட்டுக்காரரைப் பார்த்துக்கொள்கிறவள் என்று அறிமுகப்படுத்தியிருந்த என்னைப் பார்த்தார்.

கையிலிருந்த தாளை மடித்து வைத்துவிட்டேன். என் ஓட்டை இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இதுதான்.

"புண்படும் மேடம். எனக்கும் பட்டுச்சு. கோவமாத்தான் வெளிய போனேன். நாலு வருஷமா நான்தான் அவரைக் குளிப்பாட்டுறேன், நான்தான் ஊட்டுறேன். அவரைப் பத்தி எனக்குத் தெரியாதது ஒண்ணும் இல்லன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். நாலு வருஷமா அந்த மனுஷன் பகல் பூரா தாகத்தோட உட்கார்ந்திருந்தாரு. நான் இல்லாதப்பதான் அதை அவரால சொல்ல முடிஞ்சுது. அதனாலதான் கேக்கிறேன், எங்களை வெளிய அனுப்புங்க."